அகமதாபாத் ஜாமா மசூதி: எப்போது போவது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

அகமதாபாத் பழைய நகரத்து ஜாமா மசூதிக்குள் போகிறவர்களில் பாதிப்பேர் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். முற்றத்தில் நின்று ஒரு படம், தூண்களுக்கு நடுவே ஒரு படம், அதோடு முடிந்தது. இந்தக் கட்டடத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுக்க வேண்டும். அதையும் சரியான ஒன்றரை மணி நேரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோயில் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தூண், போதிகை (தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கல்), உத்திரம், அதிட்டானம் (கட்டடத்தின் அடிப்பீடம்), தேவகோட்டம் (சுவரில் சிலை வைக்கும் மாடம்) என்ற சொற்கள் தெரிந்திருந்தால் போதும், இந்தப் பள்ளிவாசலின் முக்கால் பங்கு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். மீதிக் கால் பங்கு வளைவும் குவிமாடமும். கல் தூணின் மேல் கல் உத்திரத்தைக் கிடத்திக் கட்டும் முறையும், வளைவு கட்டும் முறையும் ஒரே கூரையின் கீழ் எங்கெங்கே கைகோக்கின்றன, எங்கெங்கே தள்ளி நிற்கின்றன என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

முதலில் இடத்தின் விவரம். குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷா 1411-இல் இந்த நகரத்தை நிறுவினார். நடு மிஹ்ராபில் (தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடம்) உள்ள கல்வெட்டின்படி பள்ளிவாசல் திறக்கப்பட்டது ஹிஜ்ரி 827, ஸஃபர் மாதம் முதல் நாள்; அதாவது 1424 ஜனவரி 4. மஞ்சள் மணற்கல் கட்டடம். முற்றம் ஏறத்தாழ 75 மீட்டருக்கு 66 மீட்டர். தொழுகைக் கூடத்தில் 260 தூண்கள், மேலே 15 குவிமாடங்கள். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எப்போது போவது

காலையில். இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, வெளிச்சம். இந்தியாவில் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, மேற்கு என்பதால் கூடம் முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன் முகப்பு கிழக்கைப் பார்க்கிறது. காலை வெயில் முகப்பின் மேல் சாய்வாக விழும்போதுதான் செதுக்கு வேலையின் ஆழம் தெரியும். மதியத்துக்கு மேல் சூரியன் கூடத்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது முகப்பு நிழலில் தட்டையாகத் தெரியும், வானம் வெளுத்துக் கண் கூசும். 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே' என்பவர்கள் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குப் போனவர்கள்.

இரண்டு, தொழுகை. ஐந்து வேளைத் தொழுகைகளில் பகல் நேரத்து நீண்ட இடைவெளி சுபுஹுக்கும் (அதிகாலை) லுஹருக்கும் (நண்பகல்) இடையில்தான். காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பார்க்கலாம். ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். அகமதாபாத் சென்னைக்கு வெகு மேற்கே இருப்பதால், ஒரே கடிகார நேரத்தில் சூரியன் அரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். அங்கே உச்சிப்பொழுதே சுமார் 12.40-க்குத்தான். லுஹரும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் டிசம்பரில் ஆறு மணியை ஒட்டி வரும், ஜூன் இறுதியில் ஏழரையை நெருங்கிவிடும். அதேபோல ஜனவரியில் சூரியன் ஏழேகாலுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். ஆறரைக்கே போய் இருட்டில் நிற்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் பதினொன்றுக்குள் முடித்து வெளியேறுங்கள். வெள்ளி நண்பகல் தொழுகையான ஜும்ஆவுக்கு முற்றம் முழுக்கத் தொழுகை வரிசை நிற்கும், வெளித் தெருவிலும் நெரிசல் இருக்கும். ரமலான் மாதத்தில் காலையில் போவதில் சிரமமில்லை. மாலையில் நோன்பு திறக்கும் கூட்டத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது. நோன்பு நாட்களில் முற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் வேண்டாம்.

மாதம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது தண்டனைதான். ஒரு ஜோடி பருத்திக் காலுறையைப் பையில் வைத்திருங்கள். செருப்புக்குத்தான் தடை, சுத்தமான காலுறைக்குத் தடையில்லை. நடக்கும் பாதையில் பாய் விரித்திருந்தால் அதன் மேலேயே நடங்கள், வெறுங்கல்லில் குறுக்கே ஓடாதீர்கள். மழைக்காலத்தில் இதே கல் வழுக்கும்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் போனால் ஒரு முழு நாளுக்கும் மேல் பயணம். அகமதாபாத் சந்திப்பு காலுப்பூரில் இருக்கிறது. அங்கிருந்து பள்ளிவாசல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆனால் ஊருக்குச் சபர்மதி, மணிநகர், அசர்வா என்று வேறு நிலையங்களும் உண்டு. உங்கள் வண்டி எதில் போய் நிற்கிறது என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

மெட்ரோவில் வருவதென்றால் கிழக்கு-மேற்குத் தடத்தில் கீ காண்டா நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆட்டோவில் வந்தால் 'தீன் தர்வாஜா' என்று சொல்லி அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் வாசல்வரை வண்டியை விடச் சொன்னால், கடைத்தெரு நெரிசலில் கடைசி இருநூறு மீட்டருக்கு இருபது நிமிடம் ஆகும். தவிர, தீன் தர்வாஜாவிலிருந்து நடந்து வருவதற்கு ஒரு பொருளும் உண்டு. பத்ரா கோட்டையிலிருந்து இந்த மூன்று வளைவு வாசல் வழியாகக் கிழக்கே நீளும் பாதை, சுல்தான் ஊர்வலம் போவதற்கென்று வகுக்கப்பட்டது. அந்தப் பாதையின் தெற்கே பள்ளிவாசல். நகரம் வரையப்பட்ட கோட்டிலேயே நடந்து பள்ளிவாசலை அடைகிறீர்கள்.

தனியாகப் பார்க்கத் தயக்கமிருந்தால் மாநகராட்சியின் மரபு நடை இருக்கிறது. 1997 நவம்பரிலிருந்து நடந்துவருகிறது. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, 'போள்' எனப்படும் பழைய குடியிருப்புச் சந்துகள் வழியாக வந்து இந்தப் பள்ளிவாசலில் முடியும். நல்ல நடைதான். ஒரே குறை, கடைசி நிறுத்தமாக இருப்பதால் எல்லாரும் களைத்துப்போய் வந்து நிற்பார்கள், பள்ளிவாசலுக்குக் கொஞ்ச நேரம்தான் மிஞ்சும். நடை முடிந்ததும் குழுவோடு கலைந்துவிடாமல் அங்கேயே தங்கி மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

உடை, செருப்பு, தண்ணீர்

நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் டிக்கெட் கொடுக்கும் ஆளும் கிடையாது; கேட்க வேண்டியதை வாசலில் இருப்பவரிடம் நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, கையுள்ள சட்டை அணியுங்கள். பெண்கள் கை, கால் மூடிய உடையோடு ஒரு பருத்தித் துப்பட்டா வைத்திருங்கள். பட்டும் சிந்தெடிக்கும் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், இரு கையும் அதைப் பிடிப்பதற்கே சரியாகிவிடும். பெண்கள் முற்றத்திலும் சுற்று நடையிலும் தாராளமாக நடக்கலாம். தொழுகைக் கூடத்துக்குள் போகுமுன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தொழுகை நெருங்கும் நேரத்தில் பதில் மாறலாம். மாறினால் வாதாட வேண்டாம்.

செருப்பை வாசல்படிக்கு வெளியே கழற்ற வேண்டும். அங்கே பார்த்துக்கொள்பவர் இருந்தால் சில்லறை கொடுங்கள். அதைவிட நல்லது, ஒரு துணிப்பையைக் கொண்டுபோய்ச் செருப்பை அதில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்வது. ஏனென்றால் பள்ளிவாசலுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்று வாசல்கள். வடக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பார்த்து முடித்துக் கிழக்கு வாசல் வழியாக மாணிக் சவுக் கடைத்தெருப் பக்கம் போவதுதான் வசதியான வழி. செருப்பு வடக்கே கிடந்தால் திரும்பி வரவேண்டும்.

முற்றத்தின் நடுவே உள்ள குளம், நம்மூர்ப் பள்ளிகளில் ஹவுது என்பார்களே, அதுதான். அங்கே 'ஹவுஜ்' என்கிறார்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவை 'வுஜூ' என்றும், தொழுகையை 'நமாஸ்' என்றும், பாங்கை 'அஜான்' என்றும் சொல்வார்கள். குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கை, முகம், கால் கழுவுகிறவர்களைப் பார்ப்பீர்கள். வெயிலுக்குக் கால் நனைக்கலாம் என்று காலைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். அது தொழுகைக்கான தண்ணீர்.

இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும். வயதானவரை 'சாச்சா' என்றும், மற்றவரைப் 'பாய்' என்றும் அழையுங்கள். தேவைப்படும் கேள்விகள் மூன்றுதான்: "அந்தர் ஜா சக்தே ஹைன்?" (உள்ளே போகலாமா?), "ஜமாஅத் கித்னே பஜே?" (கூட்டுத் தொழுகை எத்தனை மணிக்கு?), "ஃபோட்டோ லே சக்தே ஹைன்?" (படம் எடுக்கலாமா?) இரண்டாவது கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டால் உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முற்றத்தில் நின்று முகப்பைப் பார்ப்பது

நேராகக் கூடத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். குளத்தைத் தாண்டி முற்றத்தின் கிழக்கு ஓரத்து நடையில் போய் முதுகைத் தூணுக்குக் கொடுத்து நின்று பாருங்கள்.

நடுவே உயரமான பெரிய வளைவு. அதன் இருபுறமும் சிறிய வளைவுகள். அவற்றைத் தாண்டி இரு ஓரங்களுக்குப் போனால் வளைவே இல்லை. வெறும் தூணும் உத்திரமுமாகத் திறந்த மண்டபம். கட்டடம் தன் இரண்டு மொழிகளையும் ஒரே முகப்பில் பேசுகிறது, நடுவில் வளைவாக, ஓரத்தில் தூணும் உத்திரமுமாக. பெரிய வளைவின் வழியே உள்ளே பாருங்கள்: இருட்டுக்குள் மெல்லிய தூண்கள் வரிசையாகத் தெரியும். கனமான கல் திரையும் அதன் பின்னால் இலேசான தூண்களும் சேர்ந்து தரும் இந்த ஆழம், வளைவு மட்டுமோ தூண் மட்டுமோ இருந்தால் கிடைக்காது.

இப்போது பெரிய வளைவை ஒட்டி இருபுறமும் நிற்கும் இரண்டு தடித்த கட்டுகளுக்கு அருகே போங்கள். அவை மினாராக்கள் எனும் கோபுரங்களின் அடிப்பகுதி. மேற்பகுதி இல்லை. 1819 ஜூனில் கட்ச் ரண் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்துவிட்டது. 'ஆடும் மினாராக்கள்' என்று கேள்விப்பட்டு, மேலே ஏறலாம் என்ற நினைப்போடு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்; ஏறுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மிச்சமிருக்கும் அடிப்பகுதிதான் முழுக் கட்டடத்திலும் நின்று பார்க்க வேண்டிய இடம். கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைவரி வார்ப்புகள், ஒவ்வொன்றிலும் நுணுக்கமான பூவேலை. இது கோயில் அதிட்டானத்தின் இலக்கணம்தான், குஜராத், ராஜஸ்தான் பகுதிக் கோயில்களின் வட்டாரச் சாயலில். இன்னும் மேலே கண்ணை உயர்த்தினால் சிறு தூண்களும் சிறு கூரையும் கொண்ட மாடங்கள். நம் கோயில் சுவரில் தேவகோட்டம் இருக்கும் அதே இடம், அதே அமைப்பு. கோட்டத்துக்குள் எட்டிப் பாருங்கள். சிலை இருக்க வேண்டிய இடத்தில் கொடியும் செடியுமான பின்னல் வேலை இருக்கும். சிற்பி தன் கை பழகிய சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மட்டும் மாற்றியிருக்கிறார். சங்கிலியில் தொங்கும் விளக்கோ மணியோ போன்ற செதுக்கலும் இந்த ஊர்ப் பள்ளிவாசல்களில் அடிக்கடி வரும். இறைவனை மாடத்தில் உள்ள விளக்கின் ஒளியோடு ஒப்பிடும் குர்ஆன் வசனம் உண்டு. அதனால் விளக்கு பள்ளிவாசலுக்கும் பொருந்துகிறது, கோயில் தூணில் மணியும் சங்கிலியும் செதுக்கிப் பழகிய கைக்கும் பொருந்துகிறது.

'அப்படியானால் இது முன்பு கோயிலா?' என்ற கேள்வியை உள்ளே நின்று சத்தமாகக் கேட்காதீர்கள். தொழ வந்தவர்களின் இடம் அது. பட்டிமன்ற மேடை இல்லை. கட்டட மொழி ஒன்றாக இருப்பதற்கு எளிய காரணம், அந்த ஊரில் கல் வேலை தெரிந்தவர்கள் அதே மரபில் பயின்றவர்கள் என்பதுதான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிகள் நம்மூர் மண்டபத் தூண்களோடு நிற்பதும் அதனால்தானே.

கூடத்துக்குள்

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் நில்லுங்கள். தூண்கள் மிக நெருக்கம். ஏன் இத்தனை தூண்கள் என்பதற்கு விடை தலைக்கு மேலே இருக்கிறது.

ஏதாவது ஒரு குவிமாடத்தின் நேர் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். அதைத் தாங்கும் தூண்களை எண்ணுங்கள். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு, மூலைத் தூண்கள் பொதுவானவை, ஆக மொத்தம் பன்னிரண்டு. நடுத் தூண்களின் மேல் மூலைகளைக் குறுக்கே வெட்டியபடி உத்திரங்கள் கிடக்கும். சதுரம் எண்கோணமாகிவிட்டது. அந்த எண்கோணத்தின் மேல் வட்டமாகக் கல் அடுக்கு, அதன் மேல் சற்று உள்ளே தள்ளிய அடுத்த அடுக்கு, அதற்கும் மேல் இன்னும் உள்ளே தள்ளி இன்னொன்று, இப்படியே மேலே போய் மூடிக்கொள்கிறது. ஆப்பு வடிவக் கற்களைச் சாய்த்து அடுக்கிய உண்மையான குவிமாடம் அல்ல இது. கல்லைக் கிடையாகவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு வந்த அடுக்கு. கோயில் மண்டபக் கூரையில் கண்ட அதே உத்தி.

இந்த முறையில் எடை பெரும்பாலும் நேர் கீழேயே இறங்கும், பக்கவாட்டுத் தள்ளல் குறைவு. அதனால் மெல்லிய தூண் போதும். ஆனால் ஒரு கல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு எல்லை உண்டு, ஆகவே குவிமாடம் பெரிதாக முடியாது. பெரிய கூடம் வேண்டுமென்றால் நடுத்தரக் குவிமாடங்கள் பல வேண்டும், அவற்றுக்குத் தூண்கள் பல வேண்டும். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து: 15 குவிமாடங்கள். அவற்றின் கீழ் 260 தூண்கள். முகப்பு வளைவு இதற்கு நேர்மாறு. அது பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராகக் கனமான கட்டு வேண்டும். இருபுறமும் மினாராவின் தடித்த அடிப்பகுதிகள் நிற்பதை இப்போது திரும்பிப் பாருங்கள்.

அடுத்து நடு வழிக்கு வந்து மிஹ்ராபை நோக்கி நில்லுங்கள். இங்கே கூரை சட்டென்று மூன்று நிலை உயரத்துக்கு எழும்பும். பக்கத்து வழிகளில் அதைவிடத் தாழ்வு, இரு ஓரங்களிலும் இன்னும் தாழ்வு. நடுவில் மேலே சுற்றிலும் மாடிகள், சாய்வு முதுகு கொண்ட திண்ணை போன்ற கைப்பிடிகளோடு. அந்த மாடிகளுக்கு வெளிப்புறத்தில் கல்லில் துளைத்த ஜாலிகள். சூரியன் நேரடியாக உள்ளே விழுவதில்லை. ஜாலியில் நுழைந்து, மாடித் தரையிலும் கல்லிலும் பட்டுச் சிதறி, இலேசாகக் கீழே இறங்குகிறது. மேகம் இல்லாத காலை பத்து மணியளவில் இந்த வெளிச்சம் நன்றாக இருக்கும். தரையில் கட்டம் கட்டமாக வெயில் கோலம் விழும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். அப்படி விழாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இந்த அமைப்பு.

மேற்குச் சுவரில் மிஹ்ராப்கள். நடுவில் உள்ளது பல நிறச் சலவைக் கல்லால் ஆனது. நாள் குறித்த கல்வெட்டு அதற்கு மேல். கையால் தடவிப் பார்க்க வேண்டாம். மிஹ்ராபுக்கு முன்னால் இமாம் நிற்கும் இடத்திலும், மிம்பர் எனும் பிரசங்க மேடையின் படியிலும் ஏறி நிற்கவோ உட்காரவோ கூடாது. யாராவது தனியாகத் தொழுதுகொண்டிருந்தால் அவருக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள், இல்லையென்றால் அவர் ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை நில்லுங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம், பெரும்பாலும் தெரியாமலே செய்வது.

வடமேற்கு மூலையில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய மேடையும் அதைச் சுற்றி ஜாலித் தடுப்பும் இருக்கும். 'முலூக் கானா' என்பார்கள், அரச குடும்பத்தார் தொழுவதற்கான தனியிடம். பலர் கவனிக்காமல் போய்விடும் மூலை இது. ஜாலிகளின் வடிவம் ஒன்றுக்கொன்று எப்படி மாறுகிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

படம் எடுப்பது

பேசியும் அனுமதி கேட்டும் எடுத்தால் தொல்லை இல்லை. முக்காலி வேண்டாம். தொழுகிறவர்களையும் உளூ செய்பவர்களையும் முகம் தெரிய எடுக்காதீர்கள். ஃபிளாஷ் எதற்கும் உதவாது. முன்னிருக்கும் இரண்டு தூணை வெளுக்க வைத்துப் பின்னிருக்கும் ஆழத்தை அழித்துவிடும்.

முகப்பு முழுவதும் ஒரே படத்தில் வர, கிழக்கு நடையின் தூண்களுக்கு இடையில் நின்று எடுங்கள். கிட்டே வந்து போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்வதுபோல் விழும். உள்ளே எடுக்கும்போது வெளிவாசல் படத்தில் வந்தால் போன் அந்த வெளிச்சத்துக்குச் சரிசெய்துகொண்டு தூண்களைக் கருப்பாக்கிவிடும். முற்றத்துக்கு முதுகைக் காட்டி எடுங்கள், அல்லது திரையில் ஒரு தூணைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். குவிமாடத்தின் உட்புறத்துக்குப் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை. போனை முன்கேமரா மேலே பார்க்கும்படி தரையில் வைத்து, நேரம் வைத்து அழுத்திவிட்டு விலகிக்கொள்ளுங்கள். எண்கோணம் நேராக விழும்.

வெளியே வந்தபின்

கிழக்கு வாசலைத் தாண்டினால் பாட்ஷா நோ ஹஜீரோ. அகமது ஷாவும் அவருடைய மகனும் பேரனும் அடங்கிய இடம். நடு அறைக்குள் பெண்களை விடுவதில்லை. ஆண்கள் தலையை மூட வேண்டும், கைக்குட்டை போதும். மாணிக் சவுக்கின் மறுபுறம் ராணி நோ ஹஜீரோ, அரசியரின் கல்லறைகள் கூரையில்லா மேடையில். அதைச் சுற்றித் துணிக்கடைகள் நெருங்கி நிற்பதால் வாசலே தெரியாது. கடைக்காரரிடம் கேட்டால் காட்டிவிடுவார். மாணிக் சவுக் ஒரே நாளில் பலமுறை வேஷம் மாறும் இடம். பகலில் நகை வியாபாரம், இரவு எட்டரைக்கு மேல் சாப்பாட்டுக் கடைகள். காலையில் வந்தவர்கள் சாப்பாட்டுக்காக ராத்திரி மறுபடி வருவதில் தப்பில்லை.

மதிய வெயிலை அறையில் கழித்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் லால் தர்வாஜா பக்கம் இருக்கும் சீதி சையத் பள்ளிவாசலுக்குப் போங்கள். இங்கே காலைக் கணக்கு செல்லாது, தலைகீழ். பேர்பெற்ற ஜாலிகள் மேற்குச் சுவரில் இருப்பதால், சாயும் வெயில் பின்னாலிருந்து வரும்போதுதான் உள்ளிருந்து பார்க்கிறவருக்குக் கல் மரமாகத் தெரியும். உள்ளே பெண்களை அனுமதிப்பதில்லை. முன்வெளியிலிருந்தும் பின்புறச் சாலையிலிருந்தும் பார்க்கலாம். பின்புறச் சாலையில் மாலை வெயில் ஜாலியின் மேல் நேராகவே படும், செதுக்கலை அங்கிருந்தும் தெளிவாகப் பார்க்கலாம்.

இது 1573-இல் முடிந்த கட்டடம். கட்டியவர் அபிசீனியாவிலிருந்து வந்த வம்சத்தவரான சீதி சையத். முற்றம் என்று தனியாக இல்லை, அளவில் சின்னது. பின்சுவரின் நடு வளைவுக்கு ஜாலி இல்லை, வெறும் கல்லால் அடைத்திருக்கும். முகலாயர் படை குஜராத்துக்குள் வந்தது 1572-இல். வேலை முடியாமல் நின்றுபோயிருக்கலாம் என்பது பொதுவான ஊகம். அதன் இருபுறமும் உள்ள வளைவுகளில்தான் பின்னிப் பிணைந்த மரமும் பனையும். இந்திய மேலாண்மைக் கழகத்தின் அகமதாபாத் சின்னத்தில் வருவது இதன் சாயல்தான்.

எல்லாரும் ஜாலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் கூரையைத் தாங்குவது எது என்று பாருங்கள். காலையில் எண்ணிய எண்கள் இங்கேதான் தேவை. இங்கும் கூரை 15 கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஆனால் உள்ளே எட்டே எட்டுத் தூண்கள், சதுரமானவை. அவற்றை இணைப்பது உத்திரம் அல்ல, நாலாபக்கமும் வளைவு. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் அதே ஊரின் சிற்பிகள் வளைவைக் கூடத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள்.